வெப்ப நாட்டில் பத்து வாரம்

1

போன நவம்பரில் ஒரு காலை, மகள் கயலைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஊசி போடும் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். 'எங்கள் ஊர்' என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், பாதி நாள் மழையும் மீதி நாள் மழைக்கான மேகமுமாக இருக்கிற சின்ன டவுன் இது. பதினான்கு வருடமாக இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். கயல் இங்கேயே பிறந்தவள். பன்னிரண்டு வயது.

அங்கிருந்த நர்ஸ் எங்கள் பயண விவரத்தைக் கணினியில் தட்டிக்கொண்டே, "வெப்ப நாடு, பத்து வாரம். நீண்ட தங்கல்தான்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "இதற்கு முன்பு அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

"நான் அங்கேதான் பிறந்தேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் விடவில்லை. இத்தனை வருடம் இங்கே இருந்துவிட்டதால் என் உடம்பும் அந்தத் தண்ணீரை மறந்திருக்கும், மகளுக்குப் போடுகிற ஊசிகளை நானும் போட்டுக்கொள்வது நல்லது என்றாள். நானும் அதே தொழில்தான். அவள் சொன்னதில் தப்பில்லை என்று தெரியும். மூணாறு மலையில் ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்து வளர்ந்தவள், அந்த மலைக்கே போவதற்குக் காசு கட்டி ஊசி போட்டுக்கொண்டு, தோளில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்தேன்.

வரும்போது ஒரு கையேடும் தந்திருந்தாள். பஸ்ஸில் கயல் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். கொசுவலை, வெயிலுக்குப் பூசும் கிரீம், வேர்க்குருவுக்குப் பவுடர், பருத்திச் சட்டை, அகலத் தொப்பி. "எல்லாம் வாங்கணும்மா" என்றாள் ஆங்கிலத்தில். வாங்கினோம். எங்கள் பயணச் செலவின் முதல் வரி அப்படித்தான் ஆரம்பித்தது.

2

பத்து வாரம் எதற்கு என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். வழக்கமாக நாங்கள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் போவோம். அதில் பாதி கல்யாண வீடுகளிலும் மீதி காரிலும் கழிந்துவிடும்.

இந்த முறை காரணம் என் அக்கா ராமலட்சுமி. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். எங்கள் அம்மா நான் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா அதற்குப் பிறகு ஆறேழு வருடம் இருந்தார். அக்காதான் அம்மாவின் இடத்தில் வேலைக்குப் பேர் கொடுத்து, தொழிலாளர்களுக்கென்று எஸ்டேட் கட்டிய வரிசையில் அம்மா இருந்த லயத்து வீட்டையும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு அறை, பின்னால் ஒரு அடுப்படி, முன்னால் நான்கு அடி நடை. அக்காவுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் வரல" என்பாள். அதற்கு மேல் பேச விடமாட்டாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தோம். மழை, பக்கத்து வீட்டுக்காரி மகள் பரீட்சை, இலைக்கோஸ் விலை என்று எதையெதையோ பேசிவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில் சொன்னாள்.

"ஏட்டி, டிசம்பரோட எனக்கு சர்வீஸ் முடியுது. மார்ச்சுக்குள்ள வீட்ட ஒப்படைக்கணும். சாவியக் குடுத்தாத்தான் கிராஜுவிட்டி வரும்."

"அப்புறம் எங்க போவ?"

"அத அப்புறம் பாத்துக்கிடலாம். நீ ஒருக்கா வந்து இந்த வீட்ல இருந்துட்டுப் போ. அவ்வளவுதான் சொல்லுதேன்."

அக்கா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. அன்றைக்கு மாலை ஷிப்டில், ஒவ்வொருவருக்கும் மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கை மாத்திரையில் இருந்ததே தவிர, மனம் அந்த நான்கு அடி நடையில் நின்றுகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அக்கா சேலை நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குச் சீலையை அங்கேதான் அவிழ்த்து உதறுவாள். அந்தத் தண்ணீர் என் மேல் தெறிக்கும். நான் கத்துவேன். கத்தட்டும் என்றுதான் உதறுவாள்.

3

என் கணவர் செல்வம் வண்டன்மேட்டுக்காரர். ஏலக்காய்த் தோட்டத்துக் குடும்பம். தோட்டம் அண்ணன் பேரில் இருக்கிறது. இவர் இங்கே ஒரு சேமிப்புக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கணக்கு போடுவதில் கெட்டி. சமையலறை மேசையில் கயலையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கணக்கு போட்டார். அவளுக்கும் வீட்டு வரவு செலவு தெரியட்டும் என்பது அவர் கட்சி.

நெடும்பயணத்தின் கணக்கு என்பது டிக்கெட்டோடு முடிவதில்லை. இங்கே நாம் இல்லாவிட்டாலும் வீட்டு வாடகை போகும். ஹீட்டரை அடியோடு நிறுத்த முடியாது, குழாய் உறைந்துவிடும். எனக்கு எட்டு வாரம் சம்பளமில்லாத விடுப்பு. இன்சூரன்ஸ், ஊசி, கயலுக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை, கொச்சியிலிருந்து மலைக்கு டாக்ஸி, லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சாக்லேட், மொய், ஆஸ்பத்திரிக்கென்று ஒரு தொகை. எல்லாவற்றுக்கும் கீழே நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அக்காவுக்கு மூணாறு டவுனில் ஒரு வீடு, மூன்று வருட வாடகை.

செல்வம் அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் மறுபடி கூட்டினார். "மூணு பேரு மூணு வாரம் போகலாம், வாடக குடுக்க முடியாது. ரெண்டு பேரு பத்து வாரம் போகலாம், வாடகையும் குடுக்கலாம்" என்றார்.

"அப்ப நீங்க?"

"நான் ஓவர்டைம் பாக்குறேன். ஹீட்டரு ஓடுறதுக்கு வீட்ல ஒரு ஆளு வேணும்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவரும் ஊரைப் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவருடைய அண்ணனுக்கு இடையில் இருதய ஆபரேஷன் ஒன்று நடந்து, அதைக்கூடப் போனிலேயேதான் விசாரித்திருந்தார். கயல் பென்சிலை எடுத்து டிக்கெட் வரியில் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினாள்.

4

கயலின் அட்டைக்கு விண்ணப்பம் போடும்போது, இந்தியாவில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் வந்தது. எஸ்டேட் பெயர், டிவிஷன், லயத்தின் எண் என்று தட்டினேன். ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டு எண்ணும் தெருப் பெயரும் கேட்டது. தெரு என்றால் எங்களுக்கு என்ன? மண் பாதையில் வரிசையாகப் பத்து வீடு. உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமையாக, "அந்த முகவரி இன்னும் எத்தனை காலத்துக்குச் செல்லும், மேடம்?" என்று கேட்டாள். "மார்ச் வரைக்கும்" என்றேன். கடைசியில் செல்வத்தின் அண்ணன் வீட்டு வண்டன்மேடு முகவரியைப் போட்டுத்தான் அட்டை வந்தது.

ஜனவரி முதல் வாரம் இரவோடு இரவாக மலை ஏறினோம். கயல் பெட்டி நிறையக் கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையும் அடுக்கியிருந்தாள். கையேட்டில் சொன்னபடி. விடிந்ததும் கதவைத் திறந்தவள் அலறினாள். பாதையோரப் புல்லெல்லாம் வெள்ளை. மூணாறு மலையில் ஜனவரி உறைபனி எங்களுக்குப் புதிதில்லை. எனக்குத்தான் அதைச் சொல்லித்தர மறந்து போயிருந்தது. இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு, "அம்மா, இது வெப்ப நாடா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பல் கிட்டித்தது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்கு மாட்டி, தலையில் ஒரு துண்டையும் கட்டிவிட்டாள். "இதுக்காண்டியா ரெண்டு பேரும் ஊசி போட்டுட்டு வந்திய?" என்றாள். பத்து வாரத்தில் மலையில் நாங்கள் ஒரு கொசுவைக்கூடப் பார்க்கவில்லை. கொசுவலையைப் பின்பக்கம் மல்லிப் பாத்தி மேல் கோழி கிளறாமலிருக்கக் கட்டினாள் அக்கா. கம்பளிக்கும் ஸ்வெட்டருக்கும் எங்கள் கணக்கில் வரியே இல்லை. பஜாரில் வாங்கினோம்.

கயலுக்குத் தமிழ் புரியும். பேச வேண்டுமென்றால் சொற்களைத் தேடுவாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுமாகவே பழகிவிட்டது. அக்காவிடம் அது நடக்கவில்லை. தமிழில் சொன்னால்தான் சோறு நகரும். "எனக்குப் பசி வந்துருக்கான்" என்பாள். "வரச் சொல்லு, உக்காரச் சொல்லு" என்று தட்டை வைப்பாள் அக்கா.

ஒரு நாள் மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அக்கா, வீட்டை ஒப்படைப்பதற்கு முன்னால் ஆபீஸில் கொடுக்க வேண்டிய அபேட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் மலையாளச் சொல்தான். கயல் கவனித்துக் கேட்டுவிட்டு, "பெரியம்மா, ஒன்னய ஏன் வீட்ட விட்டு வெரட்டுறாங்க?" என்றாள்.

ஒப்படைப்பது, காலி செய்வது என்கிற சொற்கள் அவளிடம் இல்லை. இருந்த சொல்லைச் சொல்லிவிட்டாள். நான் அவளை அதட்டப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். விறகை உள்ளே தள்ளிவிட்டு, "வேல இருந்தாத்தான் இந்த வீடு, தாயி. வேல முடிஞ்சா அடுத்து வாரவளுக்கு வேணும்லா. எங்கம்ம போனப்ப எனக்கு இந்த வீடு அப்படித்தான் கெடச்சுது" என்றாள்.



5

மறுநாளே நான் வாடகை வீட்டுப் பேச்சை எடுத்தேன். டவுனில் இரண்டு இடம் விசாரித்து வைத்திருந்தேன். ஒன்றில் ஹீட்டர் வைத்த குளியலறைகூட இருந்தது. பணம் தயார், மூன்று வருடத்துக்குக் கவலையில்லை என்றேன்.

அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்துத்தான் திரும்பினாள்.

"சின்னத்தாயி தெரியும்லா ஒனக்கு? எங்கூடக் கொழுந்து எடுத்தவ. ரெண்டு வருசம் முந்தி ரிட்டயர் ஆயி வட்டவடைக்குப் போனா. அவ தம்பி நெலத்துல கேரட்டும் பூண்டும் போடுதா. பக்கத்துல ஒரு ரூம் கெடக்கு, வான்னு கூப்புட்டா. நான் சரின்னுட்டேன்."

"எப்ப?"

"ஒங்கிட்ட போன்ல சொல்லுறதுக்கு முந்தியே."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப என்னை எதுக்கு வரச் சொன்ன?"

"வந்து இருன்னுதான் சொன்னேன். வீடு பாத்துத் தான்னு சொன்னனா?"

"டவுன்ல இருந்தா ஆஸ்பத்திரி பக்கம். நான் அங்க இருந்து நிம்மதியா இருப்பேன்ல, அக்கா."

"ஒனக்கு நிம்மதி. எனக்கு? டவுன்ல கதவச் சாத்திட்டு யார் மூஞ்சியப் பாக்க? நாப்பது வருசம் வெளிய நின்னு பேசிப் பேசி வேல பாத்தவ நான்." குரல் கொஞ்சம் ஏறியது. பிறகு தானாகவே இறங்கியது. "வாடக குடுக்க வந்தியா, கூட இருக்க வந்தியா, சொல்லு."

"ரெண்டுக்குந்தான்."

"கூட இரு. அது போதும்."

நான் எழுந்து வெளியே போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பாறை உண்டு. அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும். கயல் அங்கே உட்கார்ந்து பள்ளிப் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். பல வருடமாக எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அக்காவுக்கு வயதாகும், நான் போய்த் தாங்குவேன் என்று. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அயர்லாந்தில் எத்தனையோ இரவு ஷிப்டை ஓட்டியிருக்கிறேன். இப்போது அவளை நான் தாங்க வேண்டியதில்லை. வீடில்லாமல் போகிறவள் நான்தான் என்று அந்தப் பாறையில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

அன்று மாலை அக்காவே பேச்சை எடுத்தாள். "அந்த வாடகக் காசு அப்படியே இருக்குல்லா?"

"இருக்கு."

"அதுல செல்வம் தம்பிய வரச் சொல்லு. மாப்பிள்ளைய அங்கன ஒத்தையில விட்டுட்டு நாம மூணு பேரும் இங்க சிரிச்சுக்கிட்டு இருக்கோம். எனக்குத் தொண்டையில சோறு எறங்கல."

6

கடைசி நேர டிக்கெட் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாடகைக்கு வைத்திருந்ததில் பெரும்பகுதியை அதுவே விழுங்கியது. மிச்சத்தைச் செல்வத்தின் சம்பளமில்லாத விடுப்பு சாப்பிட்டது. முதலில் மறுத்தார். அக்கா போனை என்னிடமிருந்து பிடுங்கி, "தம்பி, நான் சாமான் ஏத்தணும். கட்டில் தூக்க ஆள் இல்ல. வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் கட்டிலே கிடையாது.

மார்ச் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு வந்தார். வந்ததும் வண்டன்மேட்டுக்குப் போனோம். அண்ணன் வாசலிலேயே நின்றார். மெலிந்திருந்தார், சட்டை தொளதொளவென்று இருந்தது. இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. "சாப்டியா?" என்றார் அண்ணன். "ம்" என்றார் இவர். பிறகு இருவரும் ஏலத் தோட்டத்துக்குள் இறங்கிப் போனார்கள். காயெடுப்பு முடிந்து, செடிகளுக்கு நிழல் சீர்செய்து கொண்டிருந்த நேரம். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினார்கள். செல்வத்தின் கண் சிவந்திருந்தது. "உள்ள ஸ்டோர்ல காய் ஒணத்துற பொக" என்றார். காய் உலர்த்தும் ஸ்டோர் அன்றைக்குப் பூட்டியிருந்தது.

அங்கிருந்து திரும்பி, அக்காவின் சாமானைக் கட்டினோம். நாற்பது வருடக் குடித்தனம் ஒரு ஜீப்பில் அடங்கிவிட்டது. அதில் பாதி நான் அனுப்பிய பொருள். பிரிக்காத பிளாஸ்க், பிரிக்காத குக்கர், பிரிக்காத போர்வை. "நீ வந்தா எடுக்கலாம்னு வச்சேன்" என்றாள்.

ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் வந்து வீட்டைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடி, குழாய், ஹோல்டர். நல்ல மனிதர். ஒரு கண்ணாடியில் விரிசல் இருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் எழுதிக்கொண்டார். அக்கா வீட்டைக் கழுவித் துடைத்து, வாசலில் கோலமும் போட்டு வைத்திருந்தாள். "ஒப்படைக்கிற வீட்டுக்கு எதுக்குக்கா கோலம்?" என்றேன். "நாளக்கி மாரி குடி வாரா. பிள்ளத்தாச்சி. வந்ததும் குனிஞ்சு போட முடியுமா?" என்றாள். சாவியைக் கொடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினாள். திரும்பிப் பார்த்தது நான்தான். கயலும் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

7

மூணாறுக்கு அப்பால் காடு தாண்டி இருக்கிற வட்டவடையில் அக்காவின் அறை, படிப்படியாக இறங்குகிற வயல்களுக்கு மேலே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கேரட் பாத்தி. சின்னத்தாயி அக்கா எங்களைப் பார்த்ததும், "ஏ ஜோதி, ஒங்க அக்காவ எனக்குத் தந்துட்டல்லா? திருப்பிக் கேக்கக் கூடாது" என்று சத்தமாகச் சிரித்தார். அக்காவை அப்படிச் சிரித்து இழுத்துக்கொண்டு போக ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

நான்கு நாள் அங்கே இருந்தோம். செல்வம் ஒரு அலமாரி அடித்துக் கொடுத்தார். கயல் பூண்டுப் பாத்தியில் களை பிடுங்கினாள், பாதி பூண்டையும் சேர்த்து. அக்கா அவளைத் திட்டுவதும் அவள் தப்புத் தமிழில் எதிர்த்துப் பேசுவதும் கேட்டுக்கொண்டே நான் அறையில் படுத்துக் கிடந்தேன். இன்னும் நான்கு வருடத்துக்கு இது போதுமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று மூணாறுக்குப் போகும் ஜீப் காலையிலேயே வந்து நின்றது. அக்கா ஒரு பை நிறையக் கேரட் வைத்தாள். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்றேன். "கொச்சி வரைக்கும் தின்னுட்டே போங்க" என்றாள். செல்வம் முன்னால் ஏறிக்கொண்டார். "வாரேன் மதினி" என்றார். அக்கா தலையசைத்தாள். அப்புறம் என் பக்கம் வந்து, ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்தாப்ல எப்பட்டி வருவ?"

என் வாழ்க்கையில் அவள் அதை என்னிடம் கேட்டதே இல்லை. எப்போதும் நானாகச் சொல்வேன். கையில் என்ன மிச்சம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் சேர்த்தால்தான் மூன்று டிக்கெட் ஆகும்.

"அடுத்த வருசம் வந்துருவேன்க்கா" என்றேன்.

"சரி. கேரட் எடுக்கிற சமயத்துல வா. புள்ளையையும் கூட்டிட்டு வா." கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

ஜீப் நகர்ந்தது. வளைவு திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள். பக்கத்தில் சின்னத்தாயி அக்கா கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு காடு வந்துவிட்டது. சோலை மரங்களுக்குள் குளிர்ந்த இருட்டு. சோதனைச் சாவடியில் நின்று பதிவு போட்டுவிட்டுத் திரும்ப ஓடத் தொடங்கியபோது, கயல் என் காதருகே குனிந்தாள்.

"அடுத்த வருடம் நம்மால் வர முடியாதே, அம்மா. நான் கணக்கைப் பார்த்தேனே" என்றாள் ஆங்கிலத்தில்.

"தெரியும்."

பிறகு தமிழுக்கு மாறினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"பெரியம்மாக்கும் தெரியும். காலைல சொன்னா. நான் ஒங்கம்மாட்ட எப்ப வருவன்னு கேப்பேன், அவ அடுத்த வருசம்னு சொல்லுவா, நீ நடுவுல பொய்யின்னு சொல்லிராதன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்." கேரட் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அப்புறம், ஜீப்ல ஏறுனா நீ யார்கிட்டயும் பேசாம ரோட்டயே பாத்துட்டு வருவேன்னும் சொன்னா."

நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.